ஒலிபெருக்கிக்குள் வண்டு புகுந்த கதை

இரவு பத்து மணி. வீடு அடங்கிவிட்டது. மேசைமீது இருக்கும் கணிப்பொறியை இயக்கி, அதனோடு இணைந்த ஒலிபெருக்கியின் திருகைப் பாதிக்கு மேல் திருப்பி வையுங்கள். பாட்டு எதையும் போட வேண்டாம். இப்போது காதை அருகில் கொண்டு செல்லுங்கள். முழு அமைதி கிடைப்பது அரிது. பூசணிப் பூவுக்குள் அகப்பட்டுக்கொண்ட வண்டு போல ஏதோ ஒன்று உள்ளே முரன்றுகொண்டிருக்கும். சில வீடுகளில் காதை ஒட்டி வைத்தால்தான் அது கேட்கும். சில வீடுகளில் வாசல் வரை கேட்கும்.

"ஸ்பீக்கர் போய்விட்டது" என்று சொல்லிப் புதிதாக ஒன்றை வாங்கி வருபவர்கள் உண்டு. புதியதிலும் அதே வண்டு முரலும்போது கடைக்காரரைக் குறை கூறுவார்கள். கடைக்காரர் என்ன செய்வார், பாவம்! இந்த வண்டு பெரும்பாலும் ஒலிபெருக்கியில் பிறப்பதே இல்லை. வேறு எங்கோ பிறந்து, கம்பி வழியே நடந்து வந்து, ஒலிபெருக்கியின் வாயால் பேசுகிறது. அதன் பிறப்பிடத்தைத் தேடிப் போவது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் காணப்போகிறோம்.

குரலைக் கொண்டு ஆளை அறிதல்

கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவது யார் என்று குரலைக் கேட்டே சொல்லிவிடுகிறோம் அல்லவா? இரைச்சலையும் அப்படியே அடையாளம் காணலாம்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு 50 முறை முழுச் சுழற்சி புரிகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்க வல்லது. ஆகவே 50 ஹெர்ட்ஸ் நம் செவியின் எல்லைக்குள்தான் இருக்கிறது. தூய 50 ஹெர்ட்ஸ் ஒலி "உம்ம்ம்" என்று அடித்தொண்டையில் முனகுவது போல இருக்கும். பெரிய ஒலிபெருக்கிகளில் அது நன்கு கேட்கும். கணிப்பொறியோடு வரும் கையகல ஒலிபெருக்கிகளால் இவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாக எழுப்ப முடியாது.

அப்படியானால் சிறிய ஒலிபெருக்கிகளில் நாம் கேட்பது எது? அதன் மேற்சுரங்கள். கணிப்பொறி, தொலைக்காட்சி, எல்.இ.டி. விளக்கு ஆகியவை மாறுதிசை மின்சாரத்தை முதலில் நேர்திசையாக மாற்றிக்கொள்கின்றன. அலை உச்சத்தைத் தொடும் நேரத்தில் மட்டும் அவற்றிலுள்ள மின்தேக்கி "கபக்" என்று ஒரு வாய் மின்னோட்டத்தை விழுங்குகிறது. மற்ற நேரங்களில் சும்மா இருக்கிறது. ஒரு சுழற்சியில் மேலே ஓர் உச்சம், கீழே ஓர் உச்சம். ஆகவே நொடிக்கு 100 விழுங்கல்கள். இப்படி விட்டுவிட்டுப் பாயும் மின்னோட்டத்தில் 50 ஹெர்ட்ஸ் மட்டுமன்றி 150, 250, 350 என்று ஒரு படையே இருக்கும். இதுதான் "ர்ர்ர்" என்ற கரகரப்பு. "உம்ம்ம்" என்று முனகினால் ஒரு மின்மாற்றியின் காந்தப்புலம் அருகில் இருக்கலாம். "ர்ர்ர்" என்று கரகரத்தால் துண்டுபட்ட மின்னோட்டம் எங்கிருந்தோ நுழைகிறது. இவ்வளவையும் காதே சொல்லிவிடும்.

"டட்-டட்-டட்" என்று திடீரென அதிர்ந்து சில நொடிகளில் ஓய்ந்துவிடும் இன்னொரு குரலும் உண்டு. மேசைமீது ஒரு கைபேசி கிடக்கிறதா என்று பாருங்கள். 2ஜி முறையில் பேசும் கைபேசி தன் ஆற்றலைத் தொடர்ந்து அனுப்பாமல் நொடிக்குச் சுமார் 217 துடிப்புகளாக அனுப்புகிறது. அந்தத் துடிப்பு ஒலிபெருக்கியின் கம்பியில் பிடிபட்டுக் கேட்கிறது. கைபேசியை இரண்டு அடி தள்ளி வைத்தால் போதும். சுட்டியை நகர்த்தும்போதும் திரையை உருட்டும்போதும் "கிறீச்" என்று மாறி மாறிக் கேட்டால், அது கணிப்பொறியின் வயிற்றுக்குள்ளேயே பிறந்தது. அதற்கு வெளியே வைத்தியம் தேடிப் பயனில்லை.

எங்கள் கூடத்தில் நடந்தது

இனி, எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொள்ள முடியாத ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணிப்பொறி வைத்தார்கள். அது கூடத்தின் நடுவில் ஒரு மேசைமீது இருந்தது. ஆம்ப்ளிபயர் எனப்படும் பெருக்கியோ மேடையின் ஓரத்தில், 12 மீட்டர் தள்ளி இருந்தது. இரண்டையும் வலைக்கவசம் உள்ள ஒலிக் கம்பியால் இணைத்தார்கள். வலைக்கவசம் என்பது, நடுவில் செல்லும் மெல்லிய கம்பியைச் சுற்றிச் செம்பு இழைகளால் பின்னிய உறை. வெளியிலிருந்து வரும் மின்புலத்தைத் தடுப்பது அதன் ஒரு வேலை. ஒலிச் சைகைக்குத் திரும்பும் பாதையாக இருப்பது இன்னொரு வேலை.

முதல் நாளே கூடம் முழுவதும் "ர்ர்ர்" என்று அலறியது. பேச்சாளர் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அப்போது வந்த வயர்மேன் பெருக்கியின் மூன்று ஊசி பிளக்கைக் கழற்றி, எர்த் ஊசியை விட்டுவிட்டு, இரண்டு ஊசி பிளக் ஒன்றை மாட்டினார். இரைச்சல் கத்தியால் அறுத்தாற்போல் நின்றது. "இவ்வளவுதான் சார்!" என்றார். கூடமே கைதட்டியது. இயற்பியல் கற்பிக்கும் நானும் கைதட்டினேன்.

ஏன் நின்றது? கணிப்பொறியின் உலோகப் பெட்டி அதன் மூன்றாம் ஊசி வழியாக எர்த் கம்பியோடு சேர்ந்திருக்கிறது. பெருக்கியின் பெட்டியும் அவ்வாறே. சுவருக்குள் ஓடும் எர்த் கம்பி இரண்டையும் ஏற்கெனவே இணைத்திருக்க, ஒலிக் கம்பியின் வலைக்கவசம் இரண்டாம் முறையாக இணைக்கிறது. ஆக, கணிப்பொறியில் தொடங்கி, வலைக்கவசம் வழியே பெருக்கிக்குச் சென்று, எர்த் கம்பி வழியே மீண்டும் கணிப்பொறிக்கே வந்து சேரும் ஒரு மூடிய கண்ணி உருவாகிவிட்டது. இதை எர்த் கண்ணி என்போம்.

மூடிய கண்ணி என்றவுடன் உங்களுக்கு யார் நினைவு வருகிறது? மாறும் காந்தப்புலத்தில் ஒரு கண்ணியை வைத்தால் அதில் மின்னியக்கு விசை தூண்டப்படும் என்று 1831-இல் கண்ட மைக்கேல் ஃபாரடே அன்றோ? என் ஐயமும் முதலில் அவர்மேல்தான் விழுந்தது. கணக்கிட்டுப் பார்ப்போம். கண்ணியின் பரப்பு 12 சதுர மீட்டர், கூடத்தில் பரவியுள்ள 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் ஒரு டெஸ்லாவில் கோடியில் ஒரு பங்கு, அதாவது 0.1 மைக்ரோடெஸ்லா எனக் கொள்வோம். 2π × 50 என்பது 314. இதைப் புலத்தாலும் பரப்பாலும் பெருக்கினால் ஏறத்தாழ 0.4 மில்லிவோல்ட் வருகிறது. கணிப்பொறியிலிருந்து வரும் ஒலிச் சைகையோ சுமார் 300 மில்லிவோல்ட். எழுநூற்றைம்பதில் ஒரு பங்கு உள்ள தூண்டல் அமைதியில் முணுமுணுக்கலாமேயன்றிக் கூடத்தை அலற வைக்காது.

பிறகு, ஒலிக் கம்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு இடத்து எர்த் முனைகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாட்டை அளந்தேன். (இதை நீங்கள் செய்யக் கூடாது. பிளக் துளைகளுக்குள் அளவுகோல் முனையை நுழைப்பது பழகியவர்களுக்கு உரிய வேலை.) கால் வோல்ட் இருந்தது! எர்த் என்றால் எங்கும் ஒரே சுழி வோல்ட் என்று பாடநூலில் படிக்கிறோம். அது மின்னோட்டம் ஓடாத எர்த்துக்குத்தான் பொருந்தும். உண்மைக் கட்டடத்தில் குளிர்சாதனப் பெட்டிகளும் கணிப்பொறிகளும் கசியவிடும் சிறு மின்னோட்டங்கள் எர்த் கம்பியில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. போதாக்குறைக்குப் பளு மிகுந்த மின்கம்பிகளுக்குப் பக்கத்திலேயே நெடுந்தூரம் ஓடுவதால் எர்த் கம்பியிலும் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஃபாரடே முழுவதும் விலகிவிடவில்லை. கூடத்தின் வெளியில் அன்றிச் சுவருக்குள் ஒளிந்திருந்தார்.

கால் வோல்ட் என்ன செய்யும்? கண்ணியின் மொத்த மின்தடை 1.25 ஓம், அதில் வலைக்கவசத்தின் பங்கு 0.2 ஓம். ஓம் விதிப்படி 0.25 ÷ 1.25 = 0.2 ஆம்பியர் கண்ணியில் சுற்றும். இந்த 0.2 ஆம்பியர் 0.2 ஓம் உள்ள கவசத்தில் பாயும்போது 0.04 வோல்ட், அதாவது 40 மில்லிவோல்ட் வேறுபாடு கவசத்தின் இரு நுனிகளுக்கிடையே தோன்றும். அதே கவசம்தான் ஒலிச் சைகைக்கும் திரும்பும் பாதை என்று சொன்னேனே? எனவே பெருக்கி 300 மில்லிவோல்ட் பாட்டோடு 40 மில்லிவோல்ட் இரைச்சலையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறது. எது பாட்டு, எது இரைச்சல் என்று அதற்குத் தெரியாது.

எர்த் ஊசியைப் பிடுங்கியதும் கண்ணி அறுந்தது, மின்னோட்டம் நின்றது, இரைச்சலும் நின்றது. இதில் இயற்பியல் தவறு ஏதும் இல்லை. தவறு வேறிடத்தில் இருந்தது.

திரும்பி வந்த முனகல்

ஐப்பசி மழை தொடங்கியது. கூடத்தில் இரைச்சல் மெல்லத் திரும்பி வந்தது. முன்பு போல அலறல் இல்லை, அடக்கமான "உம்ம்ம்". "மழைக்காலம், ஈரம், அப்படித்தான் இருக்கும்" என்று பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சில் பாதி உண்மையும் இருந்தது.

ஒருநாள் கூட்டம் முடிந்து, ஒரு மாணவன் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மேடையைத் துடைத்திருந்ததால் தரை ஈரம். அவன் காலில் செருப்பு இல்லை. பெருக்கியின் சுவிட்சை அணைக்காமலே ஒலிக் கம்பியைப் பிடுங்கினான். அடுத்து, பெருக்கியை நகர்த்தக் கையை நீட்டினான். புறங்கை பெட்டியில் பட்டதும் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான். முழங்கையில் அடி, வேறு தீங்கில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்று, மாலைவரை அருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பெருக்கியை அளந்து பார்த்தேன். அதன் பழைய மின்மாற்றியில் மின்காப்பு ஈரத்தால் கெட்டு, மின்சாரம் நுழையும் கம்பிக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே பல இலட்சம் ஓம் இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 10,000 ஓம்தான் இருந்தது. 230 ÷ 10,000 = 0.023 ஆம்பியர். இந்த 23 மில்லிஆம்பியர் எங்கே போய்க்கொண்டிருந்தது? எர்த் ஊசிதான் இல்லையே! ஒலிக் கம்பியின் வலைக்கவசம் வழியாகக் கணிப்பொறிக்குச் சென்று, கணிப்பொறியின் எர்த் வழியாக நிலத்தை அடைந்துகொண்டிருந்தது. எவரும் அறியாமல் ஒரு பாட்டுக் கம்பி பெருக்கிக்கு எர்த்தாக வேலை பார்த்திருக்கிறது. அதே 0.2 ஓம் கவசத்தில் அது எழுப்பும் மின்னழுத்தம் 4.6 மில்லிவோல்ட், பழைய 40-இல் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. நாங்கள் கேட்ட "உம்ம்ம்" அதுதான். மின்காப்பு கெட்டுவிட்டது என்று பெருக்கி இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மாணவன் ஒலிக் கம்பியைப் பிடுங்கியதும் அந்தக் கடைசி எர்த்தும் போயிற்று. அடுத்த வழி அவன் உடல். உடலும் ஈரத் தரையும் சேர்ந்து 5,000 ஓம் என்று கொண்டால், 230 ÷ 15,000 = 15 மில்லிஆம்பியர். பத்து மில்லிஆம்பியருக்கு மேல் கைத்தசைகள் தாமே இறுகிச் சுருங்கும். புறங்கை பட்டதால் சுருங்கிய கை விலகிக்கொண்டது. உள்ளங்கையால் பற்றியிருந்தால் அதே சுருக்கம் விரல்களைப் பெட்டியோடு இறுக்கிவிட்டிருக்கும். மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் கருவி எங்கள் கூடத்தில் அன்று இல்லை; இருந்திருந்தாலும், ஆளைக் காக்க வழக்கமாகப் பொருத்துவது 30 மில்லிஆம்பியருக்கு உரியது. 15 மில்லிஆம்பியருக்கு அது அசைந்திருக்கும் என்று உறுதி கூற முடியாது.

வயர்மேனை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். இரைச்சலை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். எர்த் ஊசி எதற்கு இருக்கிறது என்று வகுப்பில் ஆண்டுதோறும் கற்பிக்கும் ஒருவர் அங்கே கைதட்டிக்கொண்டிருந்தார்.

எர்த்தை விடாமல் கண்ணியை அறுப்பது

சரி, எர்த் ஊசி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இரைச்சலும் போக வேண்டும். வழி உண்டா?

மிக எளிய வழி, கணிப்பொறி, பெருக்கி இரண்டின் பிளக்குகளையும் ஒரே பலகையில், அருகருகே செருகுவது. அப்போது இரண்டு எர்த் முனைகளுக்கும் இடையே சில அங்குலக் கம்பிதான். கால் வோல்ட் தோன்ற இடமே இல்லை. கண்ணி இருக்கத்தான் செய்யும்; ஆனால் அதில் ஓட்ட எதுவும் இல்லாமல் போகும். வீட்டில் இந்த ஒன்றே பெரும்பாலும் போதும்.

பெருக்கியைத் தூரத்தில் வைத்தே ஆக வேண்டுமென்றால், ஒலிக் கம்பியின் நடுவே ஒன்றுக்கு ஒன்று சுற்றுள்ள சிறு ஒலி மின்மாற்றியை வைக்கலாம். முதற்சுற்றுக்கும் துணைச்சுற்றுக்கும் இடையே உலோகத் தொடர்பு கிடையாது. பாட்டு காந்தப் பாயமாக மாறித் தாண்டிச் செல்லும், எர்த் மின்னோட்டத்துக்கு அங்கே பாலம் இல்லை. ஒளியிழை வழியாக ஒலியை அனுப்பும் முறையும் இதே நோக்கத்துக்கு ஏற்றது. 1983-இல் தோஷிபா நிறுவனம் அத்தகைய இணைப்பை வெளியிட்டது. கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ ஆன இழையில் மின்சாரம் எப்படிச் சுற்றும்?

மேடைக் கலைஞர்கள் மைக்குக்குப் பயன்படுத்தும் மூன்று முனைக் கம்பி இன்னும் அழகானது. அதில் ஒரே சைகை இரு கம்பிகளில், ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் செல்கிறது. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். பெருக்கி இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். பாட்டு இரட்டிக்கும், இரைச்சல் தன்னைத் தானே கழித்துக்கொள்ளும். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான் என்பதால் அதற்கு இந்தக் காப்பு தேவைப்படுகிறது.

எங்கள் கூடத்தில் இவை எதையும் வாங்கவில்லை. பழைய பெருக்கியைத் தள்ளிவிட்டுப் புதியதை மூன்று ஊசிப் பிளக்கோடு கணிப்பொறியின் மேசைக்கே கொண்டு வந்தோம். ஒலிக் கம்பி 12 மீட்டரிலிருந்து ஒரு மீட்டராகச் சுருங்கியது. பெருக்கியிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி நீண்டது. அதில் ஓடுவது பல வோல்ட். சில மில்லிவோல்ட் அங்கே ஏறினாலும் யாருக்குக் கேட்கும்? கம்பி நீண்டே தீர வேண்டுமென்றால் பெருக்கிக்குப் பின்னால் நீளட்டும்.

உங்கள் வீட்டு வண்டு

உங்கள் வீட்டில் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

முதலில் ஒலிபெருக்கியின் திருகைக் குறைத்துப் பாருங்கள். திருகைச் சுழியில் வைத்தும் முரல் மாறாமல் இருந்தால் குறை ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளேயே, பெரும்பாலும் அதன் மின்தேக்கியில் இருக்கிறது. திருகோடு சேர்ந்து குறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. அடுத்து, ஒலிபெருக்கியை விட்டுவிட்டுச் செவிபேசியைக் கணிப்பொறியில் செருகிக் கேளுங்கள். அங்கும் கேட்டால் கணிப்பொறிதான் காரணம். ஒலி அமைப்புப் பகுதியில் மைக் திறந்து கிடக்கிறதா என்று பார்த்து அதை மூடிவிடுங்கள். பாதி பேருக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும்.

மடிக்கணினி என்றால் இன்னும் எளிது. ஒலிபெருக்கி இணைந்திருக்கும்போதே மின்னேற்றும் கம்பியைப் பிடுங்கி, மின்கலத்தில் ஓட விடுங்கள். அந்தக் கணமே இரைச்சல் நின்றால் கண்ணி எங்கே இருந்தது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

இன்னொன்று. கணிப்பொறிப் பெட்டியின் உலோகத்தைத் தொடும்போது விரலில் குறுகுறுவென்று எறும்பு ஊர்வது போல் இருக்கிறதா? தொட்டால் இரைச்சலும் மாறுகிறதா? அப்படியானால் உங்கள் வீட்டுப் பிளக்கில் எர்த் துளை இருக்கிறதே ஒழிய அதன் பின்னால் எர்த் கம்பி இல்லை. கணிப்பொறியின் மின்வழங்கியில், இரைச்சலை வடிகட்டுவதற்காக, இரு மின்கம்பிகளிலிருந்தும் பெட்டிக்கு ஒவ்வொரு சிறு மின்தேக்கி வைத்திருப்பார்கள். எர்த் இல்லாதபோது பெட்டி இரண்டுக்கும் நடுவில் தொங்கி, ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிற்கும். மின்தேக்கி 4.7 நானோஃபாரட் என்றால் தொடும்போது பாய்வது 0.34 மில்லிஆம்பியர்தான்; உயிருக்குக் கேடில்லை. ஆனால் அந்தப் பிளக்கில் நாளை ஓர் இஸ்திரிப் பெட்டியைச் செருகுவார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிளக்கைத் திறக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் கூடத்தில் இன்றும் ஒரு சிறு கரகரப்பு மிச்சம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவன், அன்று கீழே விழுந்தானே, அதே மாணவன்தான். மேடை விசிறியின் திருகு ரெகுலேட்டரைத் திருப்பினால் கரகரப்பும் கூடவே மாறுகிறது என்று வந்து சொன்னான். அந்த ரெகுலேட்டர் ஒவ்வோர் அரைச்சுழற்சியையும் நடுவில் வெட்டித்தான் விசிறியின் வேகத்தைக் குறைக்கிறது. வெட்டுவாயிலிருந்து தெறிக்கும் மேற்சுரங்கள் அருகில் ஓடும் மைக் கம்பியில் ஏறுகின்றன. முழு வேகத்தில் வைத்தால் வெட்டு இல்லை, கரகரப்பும் இல்லை. இப்போதெல்லாம் கூட்டம் நடக்கும் நாளில் மேடை விசிறி முழு வேகத்தில் சுழல்கிறது. பேச்சாளர்களின் தாள்கள் பறக்காமல் இருக்க நாலு பேப்பர் வெயிட் வாங்கி வைத்திருக்கிறோம்.